திருவனந்தபுரம் வளர்த்த பாபநாசம் சிவன்

பாபநாசம் என்றதும் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பிதுர்க் கடன் செலுத்த மக்கள் கூடும் வர்க்கலை பாபநாசம் கடற்கரை. மற்றொன்று, தாமிரபரணி மலையிறங்கி வரும் நெல்லைச் சீமைப் பாபநாசம். தமிழ்க் கீர்த்தனைகளால் அழியாப் புகழ் பெற்ற பாபநாசம் சிவனை, இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் இல்லை. அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டது, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் இருக்கும் மூன்றாவது பாபநாசம்.

ஆனால், அந்தப் பெயர் அவருக்கு வருவதற்கு முன்பே அவரை வளர்த்து ஆளாக்கிய ஊர் ஒன்று உண்டு. அது திருவனந்தபுரம். எட்டு, ஒன்பது வயதில் தகப்பனை இழந்த பிள்ளையாக இங்கு வந்தார். இருபது வயதில் தாயையும் இழந்து, கையில் ஒன்றுமில்லாமல் இங்கிருந்து கிளம்பினார். இடைப்பட்ட பத்துப் பதினோரு ஆண்டுகள் அவருக்குக் கொடுத்ததை வைத்துத் தான், பிற்காலத்தில் தமிழ்நாடே அவரைத் "தமிழ்த் தியாகய்யர்" என்று கொண்டாடியது.

விதவைத் தாயும் இரு பிள்ளைகளும்

1890ம் ஆண்டு செப்டம்பர் 26ம் தேதி, அந்நாள் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த போலகம் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ராமாமிர்த அய்யர், யோகாம்பாள். குழந்தைக்கு இட்ட பெயர் ராமய்யா. ராஜகோபாலன் என்று ஓர் அண்ணன்.

1897ல் தந்தை காலமானார். அக்காலத்து அக்ரகாரத்தில் கைம்பெண்ணின் நிலை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலமும் ஆதரவும் இல்லாத ஒரு தாய், இரண்டு பையன்களை வைத்துக் கொண்டு என்ன செய்வாள்? திருவிதாங்கூரில் உறவினர் இருந்தார். 1899ல் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு அவரை நாடிப் புறப்பட்டார்.

அந்நாளில் திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்ததே 1904ல் தான். திருவனந்தபுரம் ரயிலைக் காண 1918 வரை காத்திருந்தது. ஆகவே, காவிரிக் கரையிலிருந்து இங்கு வந்து சேருவது என்றால், பாதி வழி ரயிலும் மீதி வழி மாட்டு வண்டியும் தான். அவ்வளவு தூரத்தைக் கடந்து ஏழைக் குடும்பங்கள் இங்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. பத்மநாப சுவாமியின் பெயரால் ஆண்ட சமஸ்தானம், அந்தணர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் ஊட்டுப்புரைகளைப் பல இடங்களில் நடத்தி வந்தது. வேதமும் சாஸ்திரமும் படிப்பவர்களுக்கு ஆதரவு இருந்தது. கோட்டைக்குள்ளும், கரமனையிலும், வலியசாலையிலும் தமிழ் பேசும் அக்ரகாரங்கள் வரிசையாக வளர்ந்தது இப்படித் தான்.

பள்ளியில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி

ராமய்யா இங்கு மலையாளம் படித்தார். மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வியாகரணம் என்னும் வடமொழி இலக்கணத்தைக் கற்றுத் தேறினார். 1889ல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, அப்போது தான் வேரூன்றி வந்த புதிய நிறுவனம். இந்தப் படிப்பு அவருக்கு ஆயுள் முழுவதும் துணை நின்றது. வடமொழியிலும் சரளமாகக் கீர்த்தனைகள் இயற்றினார். பிற்காலத்தில் வடமொழிச் சொற்களைத் தொகுத்துப் பெரிய அகராதி ஒன்றையே உருவாக்கினார்.

ஆக, ஏட்டில் படித்தது மலையாளமும் சம்ஸ்கிருதமும். அப்படியானால், பிற்காலத்தில் அருவியாய்க் கொட்டிய தமிழ் எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்து வந்தது, வீதியிலிருந்தும் வந்தது.

அன்றைய திருவனந்தபுரத்தில் சங்கீதத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று அரண்மனை வாசல். 1846ல் மறைந்த சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்திலிருந்தே வித்வான்களுக்கு இங்கு பெருமதிப்பு. மகாராஜா இயற்றிய கீர்த்தனைகள் சம்ஸ்கிருதத்திலும், மலையாளத்திலும், தெலுங்கிலும், கன்னடத்திலும், இந்துஸ்தானியிலும் இருந்தன. நவராத்திரி மண்டபத்தில் பாடுவது என்பது வித்வானுக்கு வாழ்நாள் கவுரவம்.

மற்றொன்று பஜனை வாசல். இதற்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், மேடை வேண்டாம், பக்க வாத்தியக்காரருக்குச் சம்பளம் வேண்டாம். ஒரு ஜால்ரா, கிடைத்தால் ஒரு மிருதங்கம், தொண்டையைத் திறந்து பாடும் பத்துப் பேர் போதும். முன்னால் ஒருவர் ஓர் அடியைப் பாடுவார். பின்னால் வருபவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இந்த வாசலில் தமிழ் தாராளமாக நடமாடியது.

நீலகண்ட சிவன்

அந்தத் தமிழுக்குத் திருவனந்தபுரத்தில் பெரும் ஊற்றாக இருந்தவர் நீலகண்ட சிவன். 1839ல் நாகர்கோவிலை அடுத்த வடிவீஸ்வரத்தில் பிறந்தவர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ம் தேதி தான் தமிழகத்தோடு இணைந்தது. பத்மநாபபுரத்தில் வளர்ந்து, சர்க்கார் வேலை பார்த்து, அதை உதறிவிட்டுப் பக்தியிலும் பாட்டிலும் மூழ்கிப் போனவர். கரமனையில் வாழ்ந்தார். சிவபெருமான் மீது எளிய தமிழில் ஏராளமான பாடல்களைப் பாடினார். அவருடைய முகாரி ராகப் பாடலையும், பூர்வி கல்யாணி ராகப் பாடலையும் கச்சேரிகளில் கேட்டு உருகாதவர் குறைவு. அவர் நினைவாகக் கரமனையில் இசை விழா நடந்து வந்திருக்கிறது.

சிறுவன் ராமய்யா இங்கு வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே, 1900ல், நீலகண்ட சிவன் மறைந்தார். ஆனால், அவர் பாடல்கள் மறையவில்லை. அவற்றைப் பஜனைகளில் பாடி வந்த அடியார் கூட்டத்தின் நடுவே தான் ராமய்யாவின் இளமை கழிந்தது. பக்தி என்றால் பாட்டு, பாட்டு என்றால் தமிழ் என்ற முடிச்சு அந்த வயதிலேயே விழுந்து விட்டது.

முறையான சங்கீதப் பயிற்சியும் இங்கேயே ஆரம்பித்தது. பாலக்காட்டை அடுத்த நூரணியைச் சேர்ந்த பரமேசுவர பாகவதர், சுவாதித் திருநாளின் ஆஸ்தான வித்வான்களில் ஒருவர். அவருடைய மைந்தர்களான மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் ராமய்யா பால பாடம் கற்றார். அரண்மனை வாசலின் இலக்கணமும், பஜனை வாசலின் உருக்கமும் ஒரே பையனிடம் வந்து சேர்ந்தன.

1910: ஒரு முடிவும் ஒரு தொடக்கமும்

1910ல் தாயார் யோகாம்பாள் காலமானார். ராமய்யாவுக்கு அப்போது வயது இருபது.

எந்தத் தாய் பிள்ளைகளைக் கரை சேர்க்க இத்தனை தூரம் வந்தாரோ, அவர் போன பிறகு அந்த இளைஞருக்கு ஊரில் பிடிப்பு இல்லை. வடமொழி இலக்கணத்தில் தேறியவர், மலையாளம் அறிந்தவர். முயன்றிருந்தால் எங்காவது பண்டிதர் வேலை பார்த்துக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் அதை நாடவில்லை. கோயில் கோயிலாகப் போனார். சுவாமி புறப்பாட்டின் பின்னால் பாடிக் கொண்டு நடந்தார். கிடைத்த இடத்தில் உண்டு, கிடைத்த இடத்தில் படுத்தார். நாலு பேர் போகாத வழி. ஊரார் கண்ணுக்கு, பிழைக்கத் தெரியாத பிள்ளையாகத் தான் அவர் தெரிந்திருப்பார்.

தமையனார் ராஜகோபாலன் தஞ்சைப் பாபநாசத்தில் குடியிருந்தார். தம்பியும் அங்கு வந்து தங்கினார். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் அவர் பஜனை பிரசித்தமாயிற்று. மேனியெங்கும் திருநீறு, வாயில் ஓயாத நாமம். இந்தக் கோலத்தைக் கண்ட கணபதி அக்ரகாரத்து மக்கள், அவரைச் "சிவன்" என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஊரும் பேரும் சேர்ந்து "பாபநாசம் சிவன்" ஆயிற்று. திருவனந்தபுரத்தில் அவர் மனத்தில் நிறைந்திருந்த நீலகண்ட சிவனின் பெயரில் ஒரு பாதி, யாரும் திட்டமிடாமலேயே அவருக்கும் வந்து சேர்ந்தது.

திருவையாற்றுச் சப்தஸ்தானத் திருவிழாவில், ஏழூர் சுற்றி வரும் பல்லக்கோடு பாடிக் கொண்டே போவார். நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி அம்மன் சன்னிதி, திருவாரூரில் தியாகராஜர் சன்னிதி என்று ஆண்டு தோறும் உற்சவங்களில் அவர் குரல் கேட்கும். திருவாரூரில் தான் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது. குந்தலவராளி ராகத்தில், இறைவனைத் துதிப்பதற்கு அவன் அருளையே வேண்டும் பாடல் அது. அதன் பிறகு ஊற்று வற்றவே இல்லை. தம் பாடல்களில் "ராமதாசன்" என்ற முத்திரையை வைத்தார். பெற்றோர் இட்ட பெயர் இப்படிப் பாட்டில் தங்கியது.

அந்நாளில் பெரும் புகழோடு விளங்கிய கோனேரிராஜபுரம் வைத்தியநாத அய்யரின் பாட்டு அவரை ஆட்கொண்டது. அவரை அண்டியிருந்து கேட்டும் பாடியும் தம் சங்கீத ஞானத்தைப் பெருக்கிக் கொண்டார். 1921ல் அய்யர் மறையும் போது, சிவன் தேர்ந்த சாகித்திய கர்த்தாவாக உருவாகியிருந்தார்.

எளிமையின் ரகசியம்

சிவன் பாடல்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை தாமே பாடலாம் போலிருக்கும். வித்வான் எடுத்தால் ஒரு மணி நேரம் விரிக்கலாம். வீட்டுக் கூடத்தில் குழந்தையும் பாடலாம். இந்த இரண்டும் ஒன்றாக அமைவது சுலபமில்லை.

இதற்குக் காரணம் பஜனைப் பழக்கம் எனலாம். பஜனையில் ஒருவர் பாடியதை மறுகணம் கூட்டம் திருப்பிப் பாட வேண்டும். அடி நீளமாக இருந்தால் கூட்டம் தடுமாறும். சொல் கடினமாக இருந்தால் நாக்கு புரளாது. மெட்டு எட்டாத உயரத்துக்குப் போனால் தொண்டை நின்று விடும். ஆகவே, அடி சிறியதாக, சொல் தெளிவாக, ராகத்தின் முகம் முதல் வரியிலேயே தெரியும்படி அமைக்க வேண்டும். வீதியில் நடந்து கொண்டே பத்துப் பேரைப் பாட வைத்த அனுபவம் இருந்தவருக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

அந்நாளைய கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுதி. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் தமிழில் பாடி வைத்திருந்தும், கச்சேரியின் கடைசியில் தான் பெரும்பாலும் அவற்றுக்கு இடம். 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்து, "தமிழில் பாடுங்கள்" என்ற குரல் ஓங்கிய போது, "பாடுவதற்குப் போதிய உருப்படிகள் எங்கே?" என்ற எதிர்க் கேள்வி வந்தது. அதற்குப் பதிலாக எடுத்துக் காட்டப்பட்டவற்றில் சிவனின் கீர்த்தனைகள் முன்னணியில் நின்றன. "கீர்த்தன மாலை" என்ற தலைப்பில் அவை தொகுதிகளாக வெளிவந்தன. மதுரை மணி அய்யர், டி.கே. பட்டம்மாள், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று முன்னணி வித்வான்களும் விதுஷிகளும் அவற்றைப் பாடினர். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு விளங்கிய செம்மங்குடி சீனிவாச அய்யர், சிவனின் தோடி ராகக் கீர்த்தனையைப் பாடி நிலைநாட்டினார். இங்கிருந்து ஏழைப் பையனாகப் போனவரின் பாட்டு, இந்த ஊர் வித்வானின் குரலில் புகழோடு திரும்பி வந்தது.

வெள்ளித்திரையில் ஒரு குசேலர்

சென்னைக்குக் குடியேறிய சிவனைப் பேசும் படம் அழைத்தது. 1934ல் வெளிவந்த "சீதா கல்யாணம்" அவர் இசையமைத்த முதல் படம். தொடர்ந்து எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலும் சிவனின் பாட்டும் சேர்ந்து தமிழகத்தை ஆண்டன. "அம்பிகாபதி" (1937), "திருநீலகண்டர்" (1939), "அசோக்குமார்" (1941), "சிவகவி" (1943) என்று வரிசையாகப் படங்கள். 1944 தீபாவளிக்கு வந்த "ஹரிதாஸ்", சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் வரும் சாருகேசி ராகப் பாட்டு, அந்த ராகத்தையே பட்டி தொட்டியெங்கும் கொண்டு போய்ச் சேர்த்தது.

அண்ணன் ராஜகோபாலய்யரும் படங்களுக்குப் பாட்டு எழுதினார். அவருடைய மகள் தான் வைக்கத்தில் பிறந்து, நடிகையாகி, 1988 ஜனவரியில் சில நாட்கள் தமிழக முதலமைச்சராகவும் இருந்த வி.என். ஜானகி.

சிவன் நடிக்கவும் செய்தார். 1936ல் "பக்த குசேலா" படத்தில் குசேலர் வேடம். வறுமையை நடித்துக் காட்ட அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. 1939ல் கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் "தியாக பூமி" என்று படமாக்கிய போது, அதில் சம்பு சாஸ்திரியாக வந்தார். புயலில் வீடிழந்த ஹரிஜன மக்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து, அதனால் ஊர் விலக்குக்கு ஆளாகும் பாத்திரம்.

இதை இங்குள்ளவர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிவன் சிறுவனாக வளர்ந்த திருவிதாங்கூரில், ஊட்டுப்புரைச் சோறு ஒரு சாராருக்கு மட்டும் தான். கோயிலும், சில இடங்களில் கோயிலைச் சுற்றிய வீதியும் பலருக்கு மூடிக் கிடந்தன. வைக்கத்தில் வீதிக்காகவே 1924ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12ம் தேதி தான் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அதற்கு மூன்றாம் ஆண்டில், அந்த அக்ரகாரத்தில் வளர்ந்தவரே திரையில் கதவைத் திறந்து விடும் சாஸ்திரியாக நின்றார். படத்தைப் பின்னர் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. ஆனால், அதற்குள் மக்கள் கண்ணாரக் கண்டு விட்டார்கள்.

கடைசி வரை வீதி

பேரும் புகழும் வந்த பிறகும் சிவன் வீதியை விடவில்லை. கலாக்ஷேத்ராவில் இசை கற்பித்தார். சினிமாக் கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் மார்கழி பிறந்து விட்டால், விடியலுக்கு முன் பனியில் நடுங்கும் மயிலாப்பூர் மாட வீதிகளில், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பாடிக் கொண்டு போவார். பின்னால் ஒரு கூட்டம். அதில் பெரிய வித்வான்களும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. அவர் காலத்துக்குப் பிறகும் அந்தப் பஜனை நிற்கவில்லை.

1971ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. முழுநேரக் கச்சேரி வித்வானாக விளங்காத ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது, அவர் சாகித்தியத்தின் வலிமைக்கு அடையாளம். 1972ல் மத்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. 1973 அக்டோபரில், 83ம் வயதில், சிவன் காலமானார்.

திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகளில் ஒரு கவலை தலைமுறை தலைமுறையாக உண்டு. "பையன் பள்ளியில் மலையாளம் படிக்கிறான், இங்கிலீஷ் படிக்கிறான், தமிழ் அவனுக்கு நிற்குமா?" என்பது தான் அது. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் மட்டுமல்ல, சாலைக் கடைத் தெருவிலும் இந்தப் பேச்சு அடிபடும்.

நூறு ஆண்டுக்கு முன் இதே ஊரில் ஒரு பையனுக்கும் அதே நிலைமை தான். பள்ளி அவனுக்குத் தமிழ் கற்றுக் கொடுக்கவில்லை. தாய் வீட்டில் பேசினாள். அண்டை அயலார் மாலையில் கூடிப் பாடினார்கள். அவ்வளவே. மலையாளமும் சம்ஸ்கிருதமும் அவன் தமிழைக் கெடுக்கவில்லை; அதற்கு உரமாயின. பாடுவதை நிறுத்தாத ஒரு வீதி இருந்ததால், அந்தப் பையன் பாபநாசம் சிவன் ஆனான்.

கரமனைப் பக்கம் மாலை வேளையில் போகிறவர்கள், எங்காவது ஜால்ரா சத்தம் கேட்டால் ஒரு நிமிஷம் நிற்கலாம். உடன் பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்லலாம்.